சீவியரும் விரைவோரும்

இராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் தெரு ஒன்றில், முதியவர் ஒருவர் இறந்த இரவில் செபம் சொல்ல அழைக்கப்பட்டிருந்தோம். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. பக்கவாதத்தால் பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். செபமாலையின் தொடக்கத்தில், அவருடைய துணைவியார் பழைய விசுவாசப் பிரமாணத்தைப் பழைய சொற்களிலேயே சொன்னார். 'சீவியரையும் மரித்தவரையும்' என்ற இடத்தில் அவர் குரல் சற்றே நின்று, பிறகு தொடர்ந்தது.

செபம் முடிந்ததும், ஆங்கில இலக்கியம் பயிலும் பேரன் நம் அருகே வந்து அமர்ந்தான். ஆங்கிலிக்கன் சபையாரின் பழைய மன்றாட்டு நூலைத் தன் பாடத்துக்காகப் படித்திருக்கிறான். "சாமி, அப்பாயி 'சீவியர்'னு சொன்ன இடத்துல இங்கிலீஷ்ல 'குவிக்'னு போட்டிருக்கே. வேகமா ஓடுறவங்களுக்கும் செத்தவங்களுக்குமா தீர்ப்பு?" என்றான். அருகிலிருந்தவர்கள் துக்கத்தினிடையேயும் மெல்லச் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. "யோசிச்சுப் பார்த்தா அதுவும் சரிதான் சாமி. தாத்தா ஓடிக்கிட்டிருந்த வரைக்கும் எல்லாரும் தேடி வந்தாங்க. படுத்த பிறகு இந்தப் படியேற ஆள் இல்லை. ஓடுறவன் உயிரோட இருக்கான், நின்னவன் அப்பவே செத்துட்டான்" என்றான்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் படியை ஏறாதவர்களின் பட்டியலில், இரண்டு திருவிழாக்களுக்கு இடையே ஒருமுறை மட்டும் நற்கருணை கொண்டு சென்ற நாமும் இருந்தோம். ஒரு சொல்லின் பொருள் பற்றிய வினா எனினும், அதற்கு அன்றிரவு நாம் சொன்ன விடை அரைகுறையானது. முழுமையாகச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

'குவிக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்று 'விரைவான' என்பதே பொருள். அதிலிருந்து பிறந்த 'குவிக்கன்' என்ற வினைக்கு 'விரைவுபடுத்து' என்று பள்ளிப் பிள்ளையும் பொருள் சொல்லும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொருள் 'உயிருள்ள' என்பதே. விரைவு என்னும் பொருள் நடுக்கால ஆங்கிலத்தில்தான் அதனோடு வந்து ஒட்டியது. உயிருள்ளது அசைகிறது, நன்றாக உயிரோடிருப்பது சுறுசுறுப்பாக அசைகிறது, சுறுசுறுப்பானது விரைகிறது. இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி, இறுதியில் விரைவு என்னும் பொருள் வீட்டுக்காரனாகி, உயிர் என்னும் பொருள் வாடகைக்குடியாகிவிட்டது. வினைச்சொல்லின் கதையும் இதுவே. 1582இல் வெளிவந்த கத்தோலிக்கரின் ரீம்ஸ் புதிய ஏற்பாட்டிலும், 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் திருவிவிலியத்திலும் தூய ஆவியின் செயலைக் குறிக்க 'குவிக்கன்' வந்தபோது, அதன் பொருள் உயிர்ப்பித்தல். 'விரைவுபடுத்து' என்ற பொருள் அவ்வினைக்கு 17ஆம் நூற்றாண்டில்தான் வழக்கில் ஏறியது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத் திருவிவிலியத்தைத் திருத்தியவர்கள் அவ்வினையை நீக்கி, 'உயிர் கொடு' என்ற பொருள் தரும் எளிய தொடரை இட்டனர். மக்கள் தூய ஆவியாரை வேகம் கூட்டுபவராக எண்ணிவிடக்கூடாதல்லவா!

இச்சொல்லின் உறவுமுறையை ஆராய்ந்தால் வியப்புக்குரிய ஓர் உண்மை கிடைக்கும். இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து இலத்தீனில் 'வீவுஸ்' என்றும், கிரேக்கத்தில் 'பியோஸ்' என்றும், வடமொழியில் 'ஜீவ' என்றும், பழைய ஆங்கிலத்தில் 'குவிக்' என்றும் சொற்கள் கிளைத்தன. ஒலிகள் இவ்வாறு முறையாக மாறுவதை 19ஆம் நூற்றாண்டில் யாக்கோப் கிரிம் முதலிய மொழிநூலார் விளக்கினர். வடமொழி 'ஜீவ' தமிழுக்கு விருந்தாக வந்து சீவன், சீவனம், சீவியம் என்றெல்லாம் ஆயிற்று. ஆகவே, பேரன் 'குவிக்' என்று படித்ததும் பாட்டி 'சீவியர்' என்று சொன்னதும் ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்கள். படித்தவன் நூலில் தேடியதன் உடன்பிறப்பு, படியாத பாட்டியின் நாவில் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. ஆங்கிலச் சொல் பயணத்தில் தன் பொருளைத் தொலைத்தது. பாட்டியின் சொல் தொலைக்கவில்லை.

பழம்பொருள் ஆங்கிலத்தில் அறவே அழிந்துவிடவும் இல்லை. சில மூலைகளில் ஒளிந்து கிடக்கிறது. நகத்தின் அடியில், தொட்டால் துடிக்கும் சதையை அவர்கள் 'குவிக்' என்றே சொல்வர். நாம் நகக்கண் என்கிறோம். முள்ளையும் கம்பியையும் நாட்டாமல், உயிருள்ள செடிகளை நெருக்கி நட்டு வளர்க்கும் வேலிக்கும் அச்சொல்லே முன்னடை. நம் கரிசல்காட்டிலும் மலையடிவாரத் தோப்புகளிலும் கிளுவையை நட்டு உழவர் வளர்க்கும் அவ்வேலிக்குத் தமிழில் உயிர்வேலி என்று பெயர். இரு மொழியினரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றனர். அவ்வேலியில் வேகம் ஏது? அது ஓரிடத்தில் நின்றே வாழ்கிறது, நின்றே காக்கிறது.

சுட்ட சுண்ணாம்புக் கல்லுக்கும் ஆங்கிலத்தில் 'குவிக்' என்னும் அடைமொழி உண்டு. இலத்தீனிலும் அதற்கு 'உயிருள்ள சுண்ணாம்பு' என்றே பெயர். பண்டிகைக்கு வெள்ளையடிக்கும் நாளில், குளிர்ந்து கிடக்கும் அந்தக் கல்லின்மீது நீரை ஊற்றியவுடன் அது சீறிக் கொதித்துப் பொங்குவதைச் சிறுவயதில் கண்டு பயந்தவர்கள் நம்மில் பலர். 'கடவுளின் நகர்' என்னும் நூலின் 21ஆம் பகுதியில் புனித அகுஸ்தினார் இதே காட்சியைக் கண்டு வியக்கிறார். கண்ணுக்குத் தெரியும் உடலில் கண்ணுக்குத் தெரியாத ஆன்மா உறைவதுபோல் இக்கல்லில் நெருப்பு மறைந்திருப்பதால்தான் இதனை உயிருள்ளதென்று அழைக்கிறோம் என்பது அவர் கருத்து. அசையாமல், ஆறிப்போனதாகக் கிடப்பதனுள்ளும் உயிர் ஒளிந்திருக்கலாம். இந்தப் பாடத்தை அகுஸ்தினாருக்கு ஒரு கல் கற்பித்தது.

இனித் தமிழுக்கு வருவோம். உயிர்த்தல் என்னும் நம் வினை, வடமொழி விருந்து அன்று, வீட்டுப் பிள்ளை. மூச்சுவிடுதல், உயிர்பெறுதல், ஈனுதல் ஆகிய பொருள்களெல்லாம் அதற்கு உண்டு. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. மெய்யெழுத்தை இயக்கும் எழுத்துக்கு உயிரெழுத்து என்றே நம் இலக்கணத்தார் பெயரிட்டனர். மூச்சு, பிறப்பு, மீண்டெழுதல் ஆகிய மூன்றும் ஒரே வினையில் குடியிருக்கின்றன. வேகத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை.

'விரை' என்ற சொல்லைக் காட்டி எவரேனும் மறுக்கலாம். விரை என்றால் விரைந்து செல்; விரை என்றால் விதையும் ஆகும். 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திருவில்லிபுத்தூர் உள்ளிட்ட தென்சீமையில், விதைக்கும் நெல்லைக் கொண்டே வயலைக் 'கோட்டை விரைப்பாடு' என அளந்த வழக்கு முதியோர் அறிந்ததே. வேகமும் உயிர்வித்தும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதைக் கண்டு, ஆங்கிலத்தைப் போன்றதே தமிழும் என்று மேடையில் முழங்க ஆசை வரும். நாமும் ஒரு மறையுரையில் அப்படி முழங்கியதுண்டு. ஆனால் ஒலியின் ஒற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு உறவு சாதிப்பது சொல்லாராய்ச்சி ஆகாது. விதைப்பொருள் தரும் விரை, விதை, வித்து என்னும் சொற்களோடு நிற்பது. ஓட்டத்தைக் குறிக்கும் விரைக்கு இனம் வேறு. அழகாயிருக்கிறது என்பதற்காக ஒரு பொய்யை மக்களுக்குக் கொடுப்பது மறையுரையாளனுக்குத் தகாது என்பதை இங்கே ஒப்புக்கொண்டு, மேலே செல்கிறோம்.

நம் திருவிவிலிய மொழிபெயர்ப்புகளை இவ்வெளிச்சத்தில் எடைபோட வேண்டும். 'உயிருள்ளதாக்கு' என்ற பொருளில் கிரேக்கம் ஒரு கூட்டுவினையை ஆள்கிறது. 381ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய திருச்சங்கத்தின் நம்பிக்கை அறிக்கையில் தூய ஆவியாருக்குச் சூட்டப்பட்ட அடைமொழியும் அதுவே. யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தின் 63ஆம் வசனத்தில் இவ்வினை வருமிடத்தில், சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'உயிர்ப்பி' என்ற சொல்லை ஆண்டது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு 'வாழ்வு தரு' என்று ஆள்கிறது.

புதியதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. கத்தோலிக்கராகிய நமக்கு 'உயிர்ப்பு' என்றால் ஆண்டவர் கல்லறையினின்று எழுந்த பெருவிழாவே உடனே நினைவுக்கு வரும். எனவே 'உயிர்ப்பி' என்ற வினையை ஆண்டால், இறந்தோரை எழுப்புவது மட்டுமே பொருள் என்று கேட்போர் கொள்ளக்கூடும். யோவான் பேசுவதோ இன்றே, இங்கேயே தொடங்கும் நிறைவாழ்வு. 'வாழ்வு' என்ற சொல்லுக்கு அந்த அகலம் உண்டு. மொழிபெயர்ப்பாளர்களின் கவலையை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது என்றே கருதுகிறோம். 'வாழ்வு தரு' என்னும்போது வாழ்வு ஒரு பொருளாகிறது. ஒரு கை கொடுக்கிறது, மறு கை வாங்கிக்கொள்கிறது. வாங்கியவன் அதை எடுத்துக்கொண்டு தன் வழியே போகலாம். 'உயிர்ப்பி' என்னும்போதோ, செயல் நம் உள்ளே நடக்கிறது. அவர் ஊதுகிறார், நாம் மூச்சு விடுகிறோம், அம்மூச்சு அவருடையதா நம்முடையதா என்று பிரித்துச் சொல்ல இயலாது. 119ஆம் திருப்பாடலைப் பாடியவர் தம்மை உயிர்ப்பிக்குமாறு திரும்பத் திரும்ப மன்றாடுகிறார். அவர் இறந்து கிடப்பவர் அல்லர், புழுதியோடு ஒட்டிக்கிடப்பவர். அவர் வேண்டுவது ஒரு பொருளை அன்று. லூத்தர் 23ஆம் திருப்பாடலை ஜெர்மானிய மொழியில் பெயர்த்தபோது, ஆயர் ஆன்மாவுக்குச் செய்யும் நன்மையைக் குறிக்க ஆங்கிலச் சொல்லின் உடன்பிறந்த 'எர்குவிக்கன்' என்ற வினையை எடுத்தாண்டார். களைத்தவருக்குத் தெம்பூட்டுதல் என்பது அதன் பொருள். அதிலும் அவசரம் இல்லை. நீர்நிலை அருகில் இளைப்பாறுதலே உண்டு.

திருவில்லிபுத்தூரில் மார்கழி விடியலில் நடப்பவர்கள், திருப்பாவையின் முப்பது பாசுரங்களைக் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பார்கள். அவற்றுள் பல, உறங்கும் தோழியரை வீடுவீடாகச் சென்று எழுப்புவன. உறங்குபவளை எழுப்புகிறவள் அவளுக்குப் புதிதாக உயிரைக் கொடுப்பதில்லை. உள்ளேயிருக்கும் உயிரைப் பெயர்சொல்லி விழிக்க வைக்கிறாள். உயிர்ப்பித்தல் என்பதன் ஒரு பாதி அதுதான் என்று, அவ்வூரில் பணிசெய்த காலத்தில் நமக்குத் தோன்றியதுண்டு.

அதே திருவில்லிபுத்தூர்ப் பகுதியில்தான் நம் பெரும்பிழையும் நேர்ந்தது. அதைச் சொல்லுமுன், இந்த ஆங்கிலச் சொல் நம் நாட்டுச் சட்டத்தில் நுழைந்த கதையைச் சொல்லவேண்டும். கருவிலுள்ள குழந்தை முதன்முதலாக அசைவதைத் தாய் உணரும் நேரத்தை ஆங்கிலேயர் இவ்வினையைக்கொண்டே பெயரிட்டனர். அசைந்தால்தான் உயிர் என்பது பழைய எண்ணம். 1803ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம், அசைவு உணர்ந்தபின் கருவை அழித்தால் மரண தண்டனை என்றும், அதற்குமுன் எனில் குறைந்த தண்டனை என்றும் வகுத்தது. 1837இல் அந்நாடு இவ்வேறுபாட்டைக் கைவிட்டது. ஆனால் 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு அதை வைத்துக்கொண்டது: பொதுவாக மூன்றாண்டு வரை சிறை, கரு அசைவுற்றதெனில் ஏழாண்டு வரை. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அதே ஆங்கிலச் சொல் அப்படியே அமர்ந்திருக்கிறது.

சட்டத்தை மட்டும் குறைகூற நமக்கு உரிமையில்லை. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கரு ஓரளவு உருப்பெற்ற பின்னரே மனித ஆன்மா அருளப்படுகிறது என்று புனித தாமஸ் அக்குவினாசும் எண்ணினார். திருச்சபைச் சட்டத்தின் தண்டனைகளிலும் இவ்வேறுபாடு நெடுங்காலம் இருந்தது. 1588இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அதை நீக்கினார். 1591இல் பதினான்காம் கிரகோரியார் மீண்டும் கொண்டுவந்தார். 1869இல் ஒன்பதாம் பத்திநாதர் முற்றாக விலக்கினார். கருவுற்ற கணமுதல் மனித உயிர் மதிக்கப்படவேண்டும் என்பதே இன்றைய திருச்சபையின் தெளிவான போதனை.

இவையெல்லாம் குருமடத்தில் நாம் படித்தவைதாம். ஆயினும் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், இளம்பெண் ஒருத்தி கோயில் வாசலில் நம்மைத் தனியே சந்தித்தாள். கரு கலைந்துவிட்டதென்றும், அதற்காகச் செபிக்கவேண்டும் என்றும் சொன்னாள். நாம் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மாசம்? அசைஞ்சதாம்மா?" அவள் தலைகுனிந்து, "இல்ல சாமி, அசையல" என்றாள். பிறகு ஒன்றும் பேசாமல் முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நாம் தடுக்கவில்லை. படித்த இறையியலைக் காட்டிலும், அசைவே உயிர் என்ற பழைய எண்ணம் நம் நாவின் நுனியில் அமர்ந்திருந்தது. அசையாத தன் பிள்ளைக்கு மன்றாட்டுக் கேட்கவும் உரிமையில்லை என்று அவள் எண்ணிக்கொண்டு போயிருப்பாள்.

எனவே, பேரனுக்கு நாம் சொல்லவேண்டிய விடை இரண்டு பகுதிகளாக அமைகிறது.

முதலாவது: இயக்கம் உயிரின் அடையாளம் என்பது உண்மைதான். புனித தாமஸ் அவ்வாறே கற்பிக்கிறார். ஆனால் அவர் சொல்வது, தன்னைத் தானே இயக்கிக்கொள்வது. பிறரால் இயக்கப்படுவது எத்தனை வேகமாகச் சுழன்றாலும் உயிருள்ளது ஆகாது. 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா பஞ்சாலை நிறுவியது முதல் இராஜபாளையம் அறிந்த காட்சி, நூற்கும் கதிர். இன்று அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. மின்சாரம் நின்றால் நின்றுவிடும். திருவில்லிபுத்தூர்க் கண்மாய்ப் பாசனத்தில் விளையும் நெல்லுக்கும் கதிர் உண்டு. அது வளர்வதை யாரும் கண்ணால் காண்பதில்லை. அந்த வயலுக்கு அருகே நெடுஞ்சாலைப் பலகையில் 'மித வேகம் மிக நன்று' என்று எழுதியிருக்கும்; வண்டிகள் அதைப் படிக்காமல் பறக்கும். வேகத்தைக்கொண்டு உயிரை அளப்போமானால் ஆலைக்கதிருக்கே முதலிடம் தரவேண்டும்.

இரண்டாவது: அடையாளம் வேறு, அடையாளம் காட்டும் பொருள் வேறு. எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியது என்று லூக்கா எழுதுகிறார். துள்ளியபோதுதான் அக்குழந்தை உயிர்பெற்றதென்று அவர் எழுதவில்லை. உள்ளே இருந்த உயிர், வாழ்த்துக் கேட்டு வெளிப்பட்டது. அவ்வளவே. பக்கவாதத்தில் அசைவற்றுக் கிடந்த தாத்தா அந்த ஆண்டுகள் முழுவதும் சீவியரே. இதைப் பாட்டி அறிந்திருந்தார். நாள்தோறும் கஞ்சியைப் புகட்டியபோதும், வாய் துடைத்தபோதும் அவர் இறந்த ஒருவருக்கு ஊழியம் செய்யவில்லை. விசுவாசப் பிரமாணத்தின் அந்தச் சொல்லில் அவர் குரல் ஏன் நின்றது என்று நமக்கு இப்போது விளங்குகிறது. கணவரை அதுநாள்வரை ஒரு சொல்லில் வைத்துச் செபித்தவர், அன்றிரவு அடுத்த சொல்லுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

அந்த இளம்பெண்ணை அதன்பிறகு நாம் காணவில்லை. அவளுக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயதிருக்கலாம். இவ்விதழ் அவள் வீட்டுக்கு வருவதாயின், அவளுக்கு நாம் கடன்பட்டுள்ள விடை இது: அம்மா, அசைந்ததா என்று கேட்டது எம் பிழை. உம் பிள்ளை உயிரோடிருந்தது. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அவர்களும் மீட்புப் பெறுவர் என்று நம்பிக்கைகொள்ளத் தக்க காரணங்கள் உண்டு என்பதைச் சர்வதேச இறையியல் ஆணைக்குழு 2007இல் விரிவாக எடுத்துரைத்தது. நீர் கேட்ட மன்றாட்டை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் நாள் திருப்பலியில் ஒப்புக்கொடுத்து வருகிறோம். பெயர் தெரியாததால், 'அசையாத அந்தக் குழந்தைக்காக' என்று மனத்துக்குள் சொல்லிவந்தோம். இனி அந்த அடைமொழியை நீக்கிவிடுகிறோம்.